பெல்பாயின் பக்கம்

1973 அக்டோபரில் 'குவாட்ரோஃபீனியா' வெளியானபோது பீட் டவுன்ஷெண்டுக்கு 28 வயது. லண்டனின் 'தி ஹூ' குழுவில் கிட்டார் வாசிப்பவர். இரட்டை இசைத்தட்டாக வந்த அந்த ராக் ஓபராவின் 17 உருப்படிகளையும் அவர் ஒருவரே எழுதினார். குழுவின் வேறெந்த ஆல்பத்துக்கும் அப்படி அமைந்ததில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் 'டாமி' என்ற ராக் ஓபரா அவர்களுக்குப் பணத்தையும் உலகப் புகழையும் கொடுத்திருந்தது. வசதியான அந்த இடத்தில் இருந்துகொண்டு, மேற்கு லண்டனின் சிறு கிளப்புகளில் தாங்கள் வாசித்த காலத்தில் மேடைக்கு முன்னால் நின்ற ஒரு பையனைப் பற்றி எழுதத் தொடங்கினார். பையனின் பெயர் ஜிம்மி. கதை நடப்பது 1964, 65இல்.

ஜிம்மியின் கதையில் ஒவ்வொன்றாகக் கைநழுவிப் போகிறது. மகனின் மாத்திரை டப்பாவைக் கண்டுபிடித்த பெற்றோரோடு சண்டை. மனநல மருத்துவரிடம் போகிறான், ஒன்றும் விளங்கவில்லை. குப்பை அள்ளும் வேலையில் சேர்ந்து, அதையும் விட்டுவிடுகிறான். உயிராய் மதித்த இசைக்குழு அருகில் போய்ப் பார்த்ததும் சிறுத்துப்போகிறது. விரும்பிய பெண் நண்பனோடு போய்விடுகிறாள். ஸ்கூட்டர் நாசமாகிறது. மாத்திரைகளை விழுங்கிவிட்டு மாலை 5:15 ரயிலில் பிரைட்டன் கடற்கரைக்குப் போகிறான்; முன்பு தன் கூட்டத்தோடு ராஜாவாகத் திரிந்த ஊர் அது. அங்கே அந்தக் கூட்டத்தின் தலைவனையே ஒரு ஹோட்டலில் விருந்தினரின் பெட்டி தூக்கும் பெல்பாய் சீருடையில் பார்க்கிறான். ஒரு படகைத் திருடிக்கொண்டு கடலில் இருக்கும் ஒரு பாறைக்குப் போகிறான். படகு நகர்ந்து போய்விடுகிறது. மழை பெய்கிறது. அத்தோடு முடிகிறது.

ஒரு பையன் ஆளாகும் கதை என்றே இதை எல்லோரும் சொல்கிறார்கள். இந்த ஆல்பத்தில் ஆளான ஒருவன் இருக்கிறான் என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் அவன் ஜிம்மி இல்லை, அந்தப் பெட்டி தூக்குகிறவன்.

இதைச் சொல்வதற்கு முதலில் ஜிம்மியின் உலகத்துக்குப் போக வேண்டும். அப்போது பிரிட்டனில் 15 வயதில் பள்ளியைவிட்டு வேலைக்குப் போய்விடலாம். கட்டாய ராணுவச் சேவைக்கு ஆள் எடுப்பது 1960இல் நின்றுவிட்டது. அண்ணன்மார்களின் இரண்டு வருடங்களை ராணுவம் எடுத்துக்கொண்டது. தம்பிகளுக்கு அந்த வருடங்கள் கையில் இருந்தன, வாரச் சம்பளமும் இருந்தது. அந்தச் சம்பளத்தை உடுப்பில் கொட்டியவர்கள்தான் 'மாட்' இளைஞர்கள். கோட்டின் பின்பக்க வெட்டு எத்தனை அங்குலம், காற்சட்டையின் கால் எவ்வளவு ஒடுக்கம் என்பதெல்லாம் அவர்களுக்கு மான அவமானப் பிரச்சினை. இத்தாலிய ஸ்கூட்டர், அதன் முன்னால் கொத்துக்கொத்தாகக் கண்ணாடிகள், நல்ல கோட்டு அழுக்காகாமல் இருக்க மேலே ஒரு ராணுவ பார்க்கா. வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு வரை தூங்காமல் ஆட ஆம்ஃபெட்டமின் மாத்திரைகள். சோர்வுக்கும் மனத்தளர்ச்சிக்கும் மருத்துவர்கள் குடும்பப் பெண்களுக்கு எழுதிக்கொடுத்த டிரினமில்தான் அது. மருந்துச்சீட்டு இல்லாமல் அதை வைத்திருப்பது 1964இல்தான் குற்றமானது.

வாரம் முழுக்க அலுவலகத்தில் தபால் பிரிப்பவன், கிடங்கில் மூட்டை எண்ணுபவன். சனிக்கிழமை அவனைப் பார்த்தால் அப்படி யாரும் சொல்ல முடியாது. மாட் உடுப்பின் நோக்கமே அதுதான். வேலை தன்மேல் ஒட்டவில்லை என்று உடம்பால் அறிவிப்பது. ஜிம்மியை இந்தப் பிடிவாதம் வழியாகத்தான் நான் புரிந்துகொள்கிறேன். அவன் மனிதர்களை உடையால் அளக்கிறான். 'தி டர்ட்டி ஜாப்ஸ்' பாட்டில் பன்றி பராமரிப்பவர் வருகிறார், பேருந்து ஓட்டுபவர் வருகிறார். அவர்கள் அடங்கிப் போவதைப் பார்க்க ஜிம்மிக்குப் பொறுக்கவில்லை. அவன் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் அந்த மனிதர்கள் மறுநாளும் விடியுமுன் எழுந்து ஏன் போகிறார்கள் என்று அவன் ஒரு கணம்கூட யோசிப்பதில்லை.

1964 மே மாத விடுமுறையில் பிரைட்டனிலும் மார்கேட்டிலும் மாட்களும், தோல் ஜாக்கெட்டும் மோட்டார் சைக்கிளுமாக வந்த ராக்கர்களும் மோதிக்கொண்டார்கள். கடற்கரை நாற்காலிகள் பறந்தன, கைதுகள் நடந்தன, நாளிதழ்கள் நாடே அழிந்துவிட்டது போல எழுதின. ஸ்டான்லி கோஹன் என்ற சமூகவியலாளர் அந்த நாட்களை ஆராய்ந்து, பத்திரிகைகளும் நீதிமன்றங்களும் சேர்ந்து ஒரு சிறு கலவரத்தை எப்படித் தேசிய பயமாக வளர்த்தன என்று 1972இல் புத்தகம் எழுதினார். அதற்கு அடுத்த ஆண்டு இந்த ஆல்பம் வந்தது. 'கட் மை ஹேர்' பாட்டின் இறுதியில் வானொலிச் செய்தியாளர் ஒருவரின் சாந்தமான குரல் அந்த மோதலை வாசிக்கிறது. தன் வாழ்க்கையின் உச்சத்தை ஜிம்மி காலை உணவு மேசையில் செய்தியாகக் கேட்கிறான். கோஹன் பல பக்கங்களில் விளக்கியதன் ஒரு துளி அந்தச் சில வினாடிகளில் இருக்கிறது.

குழுவுக்கும் இந்த இளைஞர்களுக்கும் இருந்த உறவு நேர்மையானதா என்ற கேள்வி டவுன்ஷெண்டை அரித்திருக்க வேண்டும். 1964இல் பீட்டர் மீடன் என்ற விளம்பர இளைஞர் இவர்களுக்கு 'ஹை நம்பர்ஸ்' என்று பெயர் மாற்றி, மாட் உடுப்பு மாட்டி, மாட்களுக்காகவே ஒரு சிறிய இசைத்தட்டு வெளியிட்டார். கூட்டத்தின் முன்னோடியை மாட்கள் 'ஃபேஸ்' என்பார்கள். நான்தான் அந்த ஃபேஸ் என்று மார்தட்டும் பாட்டு அது. விற்கவில்லை. மேடையில் இருந்தவர்கள் கீழே நின்றவர்களைப் பார்த்து உடுத்தினார்கள், கீழே நின்றவர்கள் மேடையைப் பார்த்து உடுத்தினார்கள். ஒரு வருடத்தில் மேடை பெரிதாகிவிட்டது. கீழே நின்றவர்கள் திங்கட்கிழமை வேலைக்குப் போனார்கள்.

அதனால்தான் 'தி பங்க் அண்ட் தி காட்ஃபாதர்' பாட்டை என்னால் லேசாகக் கேட்க முடிவதில்லை. ஒரு ரசிகன் இசைக்குழுவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறான். குழு பதில் சொல்லத் திணறுகிறது. குற்றம்சாட்டும் வரிகளையும் திணறும் வரிகளையும் எழுதியவர் ஒருவரே, பாடுகிறவர்களும் குற்றம்சாட்டப்பட்டவர்களே. புகழின் உச்சியில் இருந்த ஒரு குழு தன் இசைத்தட்டுக்குள்ளேயே தன் கணக்கைத் திறந்துவைத்தது எனக்கு இன்றும் துணிச்சலாகவே படுகிறது. ஆல்பத்தோடு வந்த புத்தகத்தில் ஈதன் ரஸ்ஸல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் உள்ளன. ஒன்றில் ஹாமர்ஸ்மித் ஓடியன் அரங்கின் வாசலில் குழு வெளியே வருகிறது. ஜிம்மி தெருவில் நிற்கிறான். இருவருக்கும் இடையில் சில அடி தூரம்தான்.

அட்டைப்படத்தில் அந்தத் தூரம் வேறு விதமாக இருக்கிறது. பார்க்கா அணிந்த ஜிம்மி ஸ்கூட்டரில் நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறான். ஸ்கூட்டரின் நான்கு கண்ணாடிகளில் குழுவின் நான்கு பேருடைய முகங்கள் தெரிகின்றன. அவனுடைய முகம் எதிலும் இல்லை. ஜிம்மிக்குள் நான்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்பது ஆல்பத்தின் கற்பனை. மனச்சிதைவு என்றால் ஆளே இரண்டாகப் பிளப்பது என்று அன்று பரவலாக இருந்த தவறான எண்ணத்தை நான்காகப் பெருக்கி உண்டாக்கிய பெயர்தான் 'குவாட்ரோஃபீனியா'. மருத்துவத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான்கு ஆட்களுக்கும் ஒவ்வோர் இசைக்கரு. முரடனின் கரு பாடகர் ரோஜர் டால்ட்ரிக்கு உரியது, 'ஹெல்ப்லெஸ் டான்ஸர்'. காதல் மனம் கொண்டவனுடையது பேஸ் கிட்டார் வாசிக்கும் ஜான் என்ட்விசிலுக்கு. 'டாக்டர் ஜிம்மி'யின் நடுவே வருவது. பிச்சைக்காரனும் பாசாங்குக்காரனுமானவன் டவுன்ஷெண்ட்; ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'லவ் ரெய்ன் ஓ'வர் மீ' அவருடைய கரு. மிஞ்சியவன் பித்தன், டிரம்ஸ் வாசிக்கும் கீத் மூன். அவருடைய கரு 'பெல் பாய்'. பெட்டி தூக்கவும் தயாரான பித்தன் என்றுதான் ஆல்பத்தின் அட்டைக் குறிப்பு அவனை வர்ணிக்கிறது.

நெடுநாள் நான் இதைக் கவனிக்காமல் கடந்திருந்தேன். ஆல்பத்தின் முதல் உருப்படி 'ஐ ஆம் தி ஸீ'. இரண்டு நிமிடம் அலையோசை, மழை. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து நான்கு கருக்களின் குரல்களும் தூரத்தில் மிதந்து வந்து மறைகின்றன. கதை தொடங்கவில்லை, ஜிம்மி இன்னும் வாய் திறக்கவில்லை. பெல்பாயை அழைக்கும் குரல் அதற்குள் வந்துவிடுகிறது. பிற்பாடு ஜிம்மி ஹோட்டல் வாசலில் கண்டு உடைந்துபோகும் அந்த மனிதன் முதலிலிருந்தே அவன் தலைக்குள் இருக்கிறான். அவன் இகழ்வது தன்னில் கால் பங்கை.

இந்த ஒலிகளை உண்டாக்கிய இடமும் நினைக்கத்தக்கது. பாட்டர்ஸியில் ஒரு பழைய சர்ச் கூடத்தை வாங்கி 'ராம்போர்ட்' என்ற ஒலிப்பதிவுக்கூடமாகக் குழு மாற்றிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறை முடியவில்லை. அதனால் ரானி லேனின் நடமாடும் ஒலிப்பதிவு வண்டியை வெளியே நிறுத்தி, கேபிள் இழுத்துப் பதிவு செய்தார்கள். கொம்பு வாத்தியங்கள் அத்தனையையும் என்ட்விசில் ஒருவரே அடுக்கடுக்காக வாசித்துச் சேர்த்தார். கடலையும் மழையையும் ரயிலையும் ஒலிப்பொறியாளர் ரான் நெவிசனும் டவுன்ஷெண்டும் வெளியே அலைந்து பிடித்துவந்தார்கள். நான்கு மூலைகளிலிருந்தும் ஒலி வரும் குவாட்ரஃபோனிக் முறையில் வெளியிடும் எண்ணம் இருந்தது. அன்றைய கருவிகள் அதற்கு ஈடுகொடுக்கவில்லை, கைவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. நான்கு குரல்களும் இரண்டு ஒலிபெருக்கிகளுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதுதான் ஜிம்மியின் மண்டைக்குப் பொருத்தம்.

'பெல் பாய்' பாட்டுக்கு வருகிறேன். ஜிம்மி கடற்கரையில் நடக்கிறான், பழைய சண்டைகள் நினைவுக்கு வருகின்றன, சீருடையில் அந்த முகத்தைப் பார்க்கிறான். டால்ட்ரியின் குரல் வியப்பும் ஏமாற்றமுமாக ஏறுகிறது. பதிலுக்கு வருவது கீத் மூனின் குரல். கிழக்கு லண்டன் கொச்சையை மிகைப்படுத்தி, மேடைக் கோமாளி போல மூன் கத்துகிறார். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். சட்டென்று இசை தணிகிறது. கோமாளிக் குரலைக் கழற்றிவைத்துவிட்டு, சுருதியில் சரியாக நிற்காத தன் சொந்தக் குரலில் மூன் பாடுகிறார். இன்றும் சில இரவுகள் கடற்கரையில் படுப்பதாகவும், பழைய நாட்களை நினைப்பதாகவும், விடிந்ததும் நேரத்தோடு வேலைக்குப் போய் நாள் முழுக்க மற்றவர்களுக்குப் பணிந்து நிற்பதாகவும் அந்த மனிதன் சொல்கிறான். தன்னைப் போன்ற வேலையில் கற்றுக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது என்கிறான். தன் ரகசியத்தைக் கொடியாகப் பறக்கவிடாமல், சட்டையில் குத்திய சிறு பேட்ஜுக்குப் பின்னால் வைத்திருப்பதாகவும் சொல்கிறான்.

அந்த ரகசியம் என்ன என்று பாட்டு சொல்வதில்லை. எனக்கு அது இப்படித் தோன்றுகிறது: உடுப்பு ஆளைச் சொல்லாது என்பதை அவன் கண்டுகொண்டுவிட்டான். ஒரு காலத்தில் பிரைட்டனில் அவனைவிட நன்றாக உடுத்தியவர் இல்லை. இப்போது இன்னொருவர் தைத்துக் கொடுத்த பித்தளைப் பொத்தான் சீருடை. இரண்டுக்கும் உள்ளே அதே ஆள் இருக்கிறான், கடற்கரைக்கு இன்னமும் போகிறான், பழையதை நினைக்கும்போது அவனுக்கு வெட்கம் இல்லை, இன்றையதைச் சொல்லும்போதும் பொய் இல்லை. இந்த ஆல்பத்தில் தன்னைப் பற்றி நிதானமாகப் பேசும் மனிதன் இவன் ஒருவன்தான். மற்ற எல்லாப் பாட்டுகளிலும் நான் யார், உண்மையான என்னை யார் பார்க்கிறார்கள் என்ற கூச்சல்தான். பெல்பாய் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. ஜிம்மிக்கோ இவன் பேசியது காதில் விழவில்லை, சீருடை மட்டும் கண்ணில் விழுந்தது. பெல்பாயின் பேச்சைக் கேட்டவர்கள் நாம்தான்.

மூனின் அந்தச் சுருதி சேராத சில வரிகளை ராக் இசையின் மிகச் சிறந்த பாடுதல்களில் ஒன்றாக நான் வைக்கிறேன். நல்ல குரல் உள்ளவர் பாடியிருந்தால் அந்த மனிதன் மேல் இரக்கம் வந்திருக்கும், அவ்வளவே. மூன் பாடும்போது எதிரே நிற்பவனை நம்பத் தோன்றுகிறது.

1979இல் ஃபிராங்க் ராடம் இதைத் திரைப்படமாக்கினார். ஃபில் டேனியல்ஸ் ஜிம்மியாக அருமையாக நடித்தார், தலைவனாக ஸ்டிங். படம் மாட் வாழ்க்கையைக் கண்முன் நிறுத்தியது, ஒரு புதிய தலைமுறையை பார்க்கா போடவைத்தது. ஆனால் அந்த ஹோட்டல் காட்சியில் பெல்பாய் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறான், அவனுக்குப் பேச வார்த்தை கிடைப்பதில்லை. ஜிம்மி அவனைப் பார்த்துக் கத்திவிட்டு அவனுடைய ஸ்கூட்டரைத் திருடிக்கொண்டு பீச்சி ஹெட் செங்குத்துப் பாறைக்குப் போகிறான். ஸ்கூட்டர் கீழே விழுந்து நொறுங்குகிறது. ஒரு தொழிலாளி சம்பாதித்து வாங்கியதை உடைப்பது அங்கே விடுதலையாகிறது. படத்தை விரும்பும் எனக்கு இந்த ஒரு இடம் மட்டும் ஒவ்வாது.

மேடையில் இந்த ஆல்பம் முதலில் தோற்றது. 1973 இறுதியில் பயணம் போனபோது சிந்தசைசர், கடலோசை எல்லாம் ஒலிநாடாவில் ஓடின. நாடாவின் வேகத்துக்கு மூன் அடிக்க வேண்டியிருந்தது. எந்த இரவும் முந்தைய இரவைப் போல் வாசிக்காத மனிதர் அவர். நியூகாஸிலில் நாடா பிசகியபோது டவுன்ஷெண்ட் கோபத்தில் மேடையிலேயே நாடாக்களைப் பிய்த்தெறிந்தார். அமெரிக்காவில் பாட்டுகளுக்கு நடுவே நின்று கதையை விளக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பாட்டாகக் கழற்றிவிட்டார்கள். மூன் 1978இல் 32 வயதில் இறந்தார், என்ட்விசில் 2002இல். 2012, 13 பயணத்தில் டவுன்ஷெண்டும் டால்ட்ரியும் ஆல்பத்தை முழுதாக வாசித்தபோது, 'பெல் பாய்' பாட்டின் அந்தப் பகுதிக்கு வேறு யாரையும் பாடவைக்கவில்லை. பழைய மேடைப் பதிவிலிருந்து மூனின் உருவமும் குரலும் திரையில் வந்தன; கீழே இருந்தவர்கள் அதற்கேற்ப வாசித்தார்கள். நாடாவுக்கு அடங்க மறுத்தவர் கடைசியில் நாடாவாகவே வந்தார்.

கடலுக்கு வர வேண்டும். டவுன்ஷெண்ட் 1960களின் இறுதியிலிருந்து மெஹர் பாபாவின் அடியார். 1925 முதல் 1969இல் உடல் நீத்தது வரை வாய் பேசாமல் இருந்த ஒரு குருவுக்கு, உலகின் மிகப் பெரும் சத்தக்காரர்கள் என்று பெயரெடுத்த குழுவிலிருந்து ஒரு சீடர். 1972இல் மகாராஷ்டிரத்தின் மெஹராபாத்தில் உள்ள சமாதிக்கு வந்து போனார். 'டிரௌண்ட்' என்ற பாட்டை அவர் முதலில் பக்திப் பாட்டாகவே எழுதினார்: இறையன்பு கடல், நாம் துளிகள். அதே பாட்டை ஜிம்மியின் வாயில் வைத்தால் தற்கொலைக்கு ஏங்குபவனின் குரலாகிறது என்பதையும் அவரே விளக்கியிருக்கிறார். ஒரு சொல்லும் மாறவில்லை, பாடுகிறவனின் வயது மாறியது. நம் பக்தி மரபில் வளர்ந்த காதுக்கு, கரைந்துபோக வேண்டும் என்ற வேண்டுதல் புதிதில்லை; ஆனால் கரைவதற்கு முதலில் ஓர் ஆள் இருக்க வேண்டும். ஜிம்மியிடம் இன்னும் அது கூடவில்லை. அவன் கடலைக் கேட்பது களைப்பினால். மழை இறைவனின் அருள், இடி அவன் குரல் என்ற மெஹர் பாபாவின் வாக்கைக் கடைசிப் பாட்டுக்கு வேராக டவுன்ஷெண்ட் குறிப்பிடுகிறார். ஜிம்மிக்கு அதுவும் தெரியாது. நனைகிறான் என்பது மட்டும் தெரியும்.

அதற்கு முன் பாட்டு இல்லாத 'தி ராக்' வருகிறது, ஆறு நிமிடத்துக்கு மேல். நான்கு கருக்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, முடிவை நெருங்கும்போது ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன. ஒரு கரு மற்ற மூன்றை விழுங்கி வெல்லும் என்று எதிர்பார்ப்போம். பிளந்தவன் ஒன்றாகிவிட்டான் என்று சொல்ல அது எளிய வழி. டவுன்ஷெண்ட் அப்படிச் செய்யவில்லை. நான்கும் தம் தம் வடிவத்தை விடாமல் ஒரே தாளத்துக்குள் கேட்கின்றன. அன்பை வேண்டும் கருவுக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், பெட்டி தூக்குகிறவனின் கரு. ஜிம்மி ஏதாவது கற்றான் என்றால் அது இந்த இடத்தில்தான். அவன் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

பிறகு மழை, பியானோ, 'லவ் ரெய்ன் ஓ'வர் மீ'. பிச்சைக்காரனின் கருவை இப்போது முரடன் டால்ட்ரி பாடுகிறார். மன்றாட்டாக எழுதப்பட்டதை அடிவயிற்றிலிருந்து கத்துகிறார், அந்தக் கத்தலில்தான் அது மன்றாட்டாகிறது. இசை படிப்படியாகத் தேய்ந்து அடங்குவதும் இல்லை. மூன் தன் தாளக்கருவிகளைத் தள்ளிச் சரிக்கும் பேரோசையோடு நிற்கிறது. பாறையில் இருந்தவனுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பதைக் கேட்பவரிடமே விட்டிருக்கிறார்கள். நான் எப்போதும் அவனைக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறேன். பிரைட்டனில் ஹோட்டல்கள் நிறைய. கோடை தொடங்கினால் அங்கே வேலைக்கு ஆள் தேவைப்படும்.